காண்பாரும் காணப்படுவாரும்

கல்வியாண்டு முடியுந் தறுவாயில் எமது பாடசாலைகளிலே கல்விச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுவது வழமை. பஸ் வண்டி பேசுவதும், பெற்றோரிடம் பணந் திரட்டுவதும், அரிசி பருப்புடன் பெரிய கிடாரங்களையும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவிலே புறப்படுவதும், பொழுது விடியும்போது தம்புள்ளைக்கு அப்பால் எங்கோ கண்விழிப்பதும் எம்முட் பலருக்கு மாணவப் பருவத்தின் இனிய நினைவுகள். கடல் சூழ்ந்த இச்சிறு தீவின் மலைகளையும் அருவிகளையும் பழைய நகரங்களையும் இளைஞர் கண்டு களித்தல் நல்ல பழக்கமே என்பதில் ஐயமில்லை. ஆயினும், ‘கண்டு களித்தல்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அத்தொடரினுள்ளே ஒரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. ஓரிடத்தின் அழகைக் காணச் செல்பவனுக்கு அவ்விடத்தில் வாழ்வோர்பால் ஏதேனும் கடப்பாடு உண்டா? இக்கேள்வியை நான் ஏடுகளிலிருந்து எடுக்கவில்லை. மாணவன் ஒருவனே அதனை என்முன் வைத்தான்.

வன்னிப் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றிலே நான் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பு மாணவர் நாற்பதின்மருடன் நான்கு நாட் சுற்றுலா ஒன்று சென்றோம். முதல் நாள் சிகிரியா. மறுநாள் கண்டி வழியாக நுவரெலியா. மூன்றாம் நாள் எல்லவும் தியலும அருவியும். நாலாம் நாள் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவைப் பார்த்துவிட்டுத் திரும்புதல். இதுவே எமது திட்டம். இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பின் நுவரெலியாவை அண்மித்தபோது, வீதியோரச் சரிவு ஒன்றிலே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். மழை சற்று முன்னரே ஓய்ந்திருந்தது. மாணவர் ஆரவாரிக்கவே வண்டி நிறுத்தப்பட்டது. எல்லோரும் கைத்தொலைபேசிகளுடன் இறங்கி ஓடினர். பின்னிருக்கையில் ஒருவன் மட்டும் அசையாதிருந்தான். உடம்புக்கு முடியவில்லையோ என்று வினவினேன்.

“இல்லைச் சேர். எங்கட அம்மாயியும் இந்தக் கூடையைச் சுமந்தவதான். இதிலை நான் இறங்கி என்னத்தைப் பாக்கிறது?” என்றான்.

1977 ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத்தை விட்டு அகன்று கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் அவனுடையது. அது எனக்குத் தெரியாததன்று. ஆனால், சுற்றுலாவுக்குத் திட்டமிட்ட நாட்களில் ஒருமுறையேனும் அது என் நினைவுக்கு வரவில்லை.

நான் கீழே இறங்கினேன். பெண்களுள் வயதில் மூத்த ஒருவர் மாணவர் கேட்டபடியெல்லாம் நின்று படமெடுக்க இசைந்தார். படம் முடிந்ததும் கையை நீட்டினார். மாணவன் ஒருவன் கொடுத்த தாளை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டே, “எந்த ஊருங்க ஐயா நீங்க?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். “அங்கிட்டுக் கடலு கிட்டத்துலயாங்க? நாங்க கடலப் பாத்ததே இல்லீங்க” என்று கூறிவிட்டு மீண்டும் செடிகளின் பக்கம் திரும்பினார்.

இறங்க மறுத்த மாணவனின் வினாவும், கடலைக் காணாத அப்பெண்ணின் சொல்லும் எஞ்சிய பயணம் முழுவதும் என்னை விடவில்லை. அவற்றைப் பற்றி எண்ணியதே இக்கட்டுரை.

முதல் நாளை மீள நினைத்துப் பார்த்தேன். சிகிரியாவிலே நாம் கண்டது என்ன? கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், ஏறக்குறைய 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் பாறையின் உச்சியிலே தனக்கோர் அரண்மனை எழுப்பினான். பாறையின் இடைவழியிலே, முகில்களிடையே தோன்றும் பெண்களின் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே, ‘கண்ணாடிச் சுவர்’ என்று வழங்கும் மெருகிட்ட மதிலிலே, பிற்காலப் பார்வையாளர் கீறிவிட்டுச் சென்ற செய்யுள்கள் உள்ளன. பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களை வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எழுதியோருள் பிக்குகளும் பெண்களும் பிறரும் உளர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எமது தீவிலே காட்சி காண்போர் இருந்தனர்; தாம் கண்டதையும் உணர்ந்ததையும் எழுதிவைக்கும் விருப்பமும் அவர்களுக்கு இருந்தது. இது பெருமைக்குரிய செய்தியே. அவர்களுட் பெரும்பாலோரின் கண்கள் பதிந்தது ஓவியப் பெண்களின் மீது. எமது கண்களும் அங்கேதான் பதிந்தன. அவ்வுயரத்துக்குச் செங்கல் சுமந்தவர் யார், நீர் ஏற்றியவர் யார் என்று எமது மாணவர் நாற்பதின்மரும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் அவர்களைப் பழக்கியிருக்கவில்லை.

இதிலே தவறென்ன என்று வினவுவார் உண்டு. அவர்களுக்குச் சார்பாகப் பெரிய தத்துவஞானி ஒருவரே பேசுகிறார். ஜேர்மானிய அறிஞரான இமானுவேல் கான்ற் 1790 இல் வெளியிட்ட, அழகியற் சிந்தனையின் அடிப்படை நூல்களுள் ஒன்றெனக் கருதப்படும் தமது நூலின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ‘இவ்வரண்மனை அழகியதா?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர் ரூசோவின் பாணியிலே, இத்தகைய வேண்டாப் பொருள்களிலே மக்களின் வியர்வையைப் பாழாக்கும் பெரியோரின் வீண்பெருமையைக் கண்டித்து விடைகூறலாம். அக்கண்டனம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார் கான்ற். ஆனால், இப்போது கேட்கப்பட்டது அதுவன்று என்கிறார். கேட்கப்பட்டது அழகைப் பற்றி. அழகைத் தீர்மானிப்பவன் அப்பொருள் இருப்பதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பவற்றை விலக்கி வைத்துவிட்டே நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்வாதத்திலே உண்மை இல்லாமலில்லை. செங்கல் சுமந்தவனின் துயரை அறிந்த பின்னரும் சிகிரியா ஓவியங்கள் அழகியனவாகவே இருக்கின்றன. அவ்வழகை மறுப்பவன் முற்போக்குச் சிந்தனையாளனல்லன், கண்ணிருந்தும் காணாதவன். முற்போக்காளராகிய எம்முள்ளும் சிலர், அழகு என்ற சொல்லைக் கேட்டவுடனே அதனை ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று வித்தையென ஒதுக்கிவிட்டு, அந்த ஒதுக்குதலையே புரட்சிகரமான செயலாகக் கருதியதுண்டு. அது பிழையான பாதை. உழைப்பவன் ஆக்கிய அழகை உழைப்பவனுக்கு உரியதல்லாத பொருளாக்குவது, ஆண்டவன் செய்த அதே அநீதியை வேறோர் வழியால் நிறைவேற்றுவதாகும்.

அப்படியாயின் குறை எங்கே உள்ளது? கான்ற் ஒரு கேள்வியை ஒத்திவைத்தார். ‘இப்போது கேட்கப்பட்டது அதுவன்று’ என்றார். இப்போது அன்று எனில், எப்போது? ஒத்திவைத்த கேள்வியை மீண்டும் எடுக்கும் பொழுது ஒன்று வரவேண்டும் அல்லவா? காட்சி காணச் செல்பவனுடைய வாழ்விலே அப்பொழுது வருவதேயில்லை. பாறையிலிருந்து இறங்கியதும் அவன் அடுத்த இடத்துக்கு விரைகிறான். அங்கும் முதலில் அழகு. அங்கும் மற்றக் கேள்வி பிறகு. இவ்வாறு ஒத்திவைத்து ஒத்திவைத்தே ஒரு நாடு முழுவதையும் சுற்றி முடித்துவிடலாம். அறிவின் தெளிவுக்காகச் செய்யப்பட்ட ஒரு பிரிப்பு, காலப்போக்கிலே மனச்சாட்சிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமாக மாறிவிடுகின்றது.

சிகிரியாவுக்கு அதிக தொலைவிலல்லாத கலாவாவியை நினைத்துக்கொள்வோம். அதனைக் கட்டியவன் காசியப்பனுடைய தந்தையாகிய தாதுசேனன். அதிலிருந்து அநுராதபுரம் நோக்கிச் செல்லும் பழைய வாய்க்கால், முதற் பதினேழு மைல் தூரத்திலே மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவான சரிவுடன் வெட்டப்பட்டிருப்பதைப் பொறியியலாளர் இன்றும் வியந்து பேசுவர். உன் செல்வம் எங்கே என்று மகன் வற்புறுத்திக் கேட்டபோது தாதுசேனன் இவ்வாவியின் நீரை அள்ளிக் காட்டி, இதுவே தன் செல்வமெல்லாம் என்றான் என வழிவழி வந்த கதை கூறும். அரண்மனையையும் வாவியையும் ஆக்கியது மக்களின் உழைப்பே. ஆயினும், ஒன்று பதினெட்டு ஆண்டுகள் ஒரு மன்னனின் இருக்கையாயிற்று. மற்றையது இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. எமது சுற்றுலா வண்டி அரண்மனை முன் மூன்று மணி நேரம் நின்றது. வாவிக்கரையில் அது நிற்கவேயில்லை. நின்றிருப்பின், அழகு என்பது பயனுக்கும் உழைப்புக்கும் பகையானதன்று என்பதை மாணவர் கண்முன்னே கண்டிருப்பர்.

இதனை உணர்வதற்கு நாம் பிறநாட்டு அறிஞரை மட்டும் நாடவேண்டியதில்லை. நிலத்தைப் பற்றிய எமது பழந்தமிழ்ச் சிந்தனையே இவ்விடத்தில் எமக்குத் துணைநிற்கின்றது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறுகின்றது. ஆனால் அத்துடன் நிறுத்திவிடவில்லை. கருப்பொருள் என்று மற்றொரு வகுப்பை அமைத்து, தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் பறையையும் யாழையும் கூறுமிடத்திலே ‘செய்தி’ என்பதையும் சேர்த்து வைக்கின்றது. அச்சொல்லுக்குத் தொழில் என்பது பொருள். அந்நிலத்து மக்கள் என்ன உண்கிறார்கள், என்ன தொழில் செய்து வாழ்கிறார்கள் என்பவற்றைத் தவிர்த்துவிட்டு ஒரு நிலத்தைப் பாட முற்படுவது அப்புலவருக்கு உடன்பாடானதன்று. மலையைச் சொன்னால் தினை விதைப்பவனையும் தேனெடுப்பவனையும் சொல்லவேண்டும். கடலைச் சொன்னால் மீன் பிடிப்பவனையும் உப்பு விளைப்பவனையும் சொல்லவேண்டும். பின்னரே உரிப்பொருளாகிய மனித உணர்வு அங்கே குடிகொள்ளும். பண்டைச் சமுதாயத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. அதனைப் பொற்காலமென்று போற்றுவது எமது நோக்கமன்று. ஆயினும், மனிதனும் அவன் தொழிலும் நீக்கப்பட்ட நிலம் முழுமையானதன்று என்ற உணர்வு அக்கவிதைக் கோட்பாட்டிலே ஊன்றி நிற்கின்றது.

இன்றைய காட்சி வணிகம் இதனை நேர்மாறாக்கியுள்ளது. முதற்பொருளை மட்டும் வெட்டியெடுத்து அது விற்கின்றது. மூடுபனி படர்ந்த மலை, வெண்மணற் கரை, அந்திச் சூரியன் ஆகியவை விலைப்பட்டியலில் இடம்பெறுகின்றன. உணவும் தொழிலும் மறைக்கப்படுகின்றன. அல்லது, கூடை சுமந்த பெண்ணைப் போல, அவையும் நிலத்தின் ஓர் அலங்காரமாக ஆக்கப்படுகின்றன.

தேயிலை மலையையே எடுத்துக்கொள்வோம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அச்சரிவுகளை ‘இயற்கைக் காட்சி’ என்று நாம் கூறுகிறோம். அவை இயற்கையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காடழித்துக் கோப்பி நட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்க, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை மெல்ல மெல்ல மலையெங்கும் பரவியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து சென்றனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். எஞ்சியோர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராக்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. குடியுரிமைச் சிக்கலின் எச்சத்தைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலே சட்டமாயிற்று. நிர்ணயித்த கிலோ நிறையாத நாளிலே ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தைத் தோட்டத்திற் பிறந்த எந்தக் குழந்தையும் அறியும். இவையனைத்தும் அந்தப் பச்சை நிறத்தினுள்ளே இருக்கின்றன. செடிகளின் மட்டமான தலையும், வரிசையான நிரையும், அவற்றிடையே ஓடும் ஒற்றையடிப் பாதையும் மனிதக் கைகளும் கால்களும் எழுதிய எழுத்துக்கள். அவற்றை வாசிக்க அறியாதவனே அதனை இயற்கை என்பான்.

மூன்றாம் நாள் எல்லவைப் பார்த்துவிட்டு, கொஸ்லந்தையைக் கடந்து தியலும அருவிக்கு வந்தோம். 220 மீற்றர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக வீழும் அந்த அருவியின் முன் எவரும் சற்று நேரம் பேச்சிழந்து நிற்பர். கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை என்னும் தோட்டத்திலே 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் அபாயமானது என ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் லயத்திலே இருந்தனர். செல்வதற்கு அவர்களுக்கு வேறு நிலம் இருக்கவில்லை. அருவியை வீழ்த்தும் அதே மலையும் அதே மழையுமே அவர்களைப் புதைத்தன. மழையைக் குற்றஞ்சாட்ட முடியாது. சரிவிலே எவர் வீடு அமைகின்றது, சமதரையிலே எவர் வீடு அமைகின்றது என்பதை மழை தீர்மானிப்பதில்லை.

அருவியின் முன் நின்று மாணவருக்கு இதனைக் கூறினேன். சிலர் முகம் வாடினர். “பாக்க வந்த இடத்திலை ஏன் சேர் இதெல்லாம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்கத்தக்க கேள்வியே. மகிழ்ச்சியைக் கெடுப்பது ஆசிரியனின் கடமையன்று. ஆயின், உண்மை தெரிந்த மாத்திரத்திலே கெட்டுவிடும் மகிழ்ச்சி அறியாமையினால் மட்டுமே நின்றது. அருவியின் அழகு அங்ஙனம் கெட்டுவிடவில்லை. அன்று மாலை அதே மாணவி தனது நாட்குறிப்பிலே அருவியையும் மீரியபெத்தையையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள். இரண்டையும் ஒருங்கே தாங்கும் வலிமை இளமனத்துக்கு உண்டு. அதனை ஐயுறுவோர் நாமே.

நாலாம் நாள் பாசிக்குடாக் கடலில் மாணவர் குளித்தனர். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவுக்கு மேல் ஏறாத அமைதியான கடல் அது. போர் முடிந்த 2009 இன் பின் அக்கரையிலே பெரிய விடுதிகள் எழுந்தன. தோணிகள் கரையேறிய இடங்கள் விடுதிகளின் முன்றில்களாயின. அதற்கு முன்னர், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் குடியேறலாகாது என அரசு அறிவித்தபோது, மீனவர் குடிசைக்கு இறுக்கமாயிருந்த அவ்விதி உல்லாச விடுதிக்கு மட்டும் நெகிழ்ந்து கொடுக்கின்றது என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. தேயிலை மலையிலே உழைப்பவர் காட்சியின் அலங்காரமாயினர். கடற்கரையிலே உழைப்பவர் காட்சிக்கு இடையூறாயினர். இரண்டிடத்தும் நிலத்துக்கு உரியவர் பார்வையாளரின் வசதிக்கேற்பவே மதிக்கப்பட்டனர்.

இவ்விடத்திலே எம்மைப் பற்றியும் பேசவேண்டியிருக்கின்றது. காணப்படுதல் எத்தகையது என்பதை வடபகுதி மக்களாகிய நாம் அனுபவத்தால் அறிவோம். போர் முடிந்து ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், தெற்கிலிருந்து பஸ் வண்டிகள் நிரைநிரையாக வந்தன. இடிந்த வீடுகளின் முன், உடைந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன், 1981 இலே 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டுப் பின் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் முன் நின்று மக்கள் படமெடுத்தனர். எமது இழப்பு அவர்களுக்கு ஒரு காட்சியாயிற்று. அன்று நாம் உள்ளூரக் கொதித்தோம். ‘எம்மைப் பார்க்கிறார்கள், எம்முடன் பேசுகிறார்களில்லை’ என்று முறையிட்டோம். நேர்மையாகக் கூறுவதானால், அவ்வண்டிகளில் வந்தோர் பெரும்பாலும் ஏழைக் கிராமத்தவர். நயினாதீவை வணங்கும் ஆவலுடன், தரையிலே பாய் விரித்துப் படுத்து, தாமே சமைத்துண்டு பயணஞ் செய்தவர்கள். எமது கல்விச் சுற்றுலாவின் கிடாரங்களுக்கும் அவர்களுடைய கிடாரங்களுக்கும் வேறுபாடில்லை. அவர்களுக்கும் கேள்வி கேட்க எவரும் பழக்கியிருக்கவில்லை.

அவ்வாறு பார்க்கப்பட்ட வேதனையை அறிந்த நாமே மலையகத்துக்குச் சென்று அதே கண்ணால் நோக்குகிறோம். ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லை வழங்கியவர் எம்மவரே. 1977 இலும் அதன் முன்னும் பின்னும் வன்னிக்கு வந்த மலையக மக்களை மலிந்த கூலிகளாக வயலில் இறக்கியோரும் எம்மவருள் உளர். யாழ்ப்பாணத்தின் பண்பாட்டுச் சின்னங்களாக நாம் விருந்தினருக்குக் காட்டும் கோவில்கள் பலவற்றினுள்ளே, ஒரு பகுதித் தமிழர் நுழைய முடியாதிருந்தது அண்மைக்கால வரலாறு. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதற்குச் சான்று. கோபுரத்தின் அழகை வெளியே நின்று காணலாம், உள்ளே வருதல் ஆகாது என்று தன் சகோதரனுக்குச் சொன்ன சமுதாயம், தன்னைப் பிறர் வெறும் காட்சியாகக் காண்பதைப் பற்றி முறையிடுமுன் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கடமைப்பட்டது.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, அப்படியாயின் எவரும் எங்கும் செல்லாதிருப்பதே அறமோ என்று சிலர் ஏளனஞ் செய்யலாம். அன்று. காட்சி காண வருவோரை நம்பியே எமது நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகின்றது. 2018 இல் 23 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டார் இங்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21 இன் குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும் அவ்வரவை முறித்தபோது முதலில் வேலையிழந்தவர்கள் முச்சக்கர வண்டி ஓட்டியவரும், விடுதியிலே துணி வெளுத்தவரும், கரையிலே இளநீர் விற்றவருமே. பயணிகள் வராதிருப்பதால் ஏழை வாழ்ந்துவிடமாட்டான். குற்றவுணர்வோடு வீட்டிலே அமர்ந்திருப்பதும் வசதியுடையோருக்கே இயலும் ஆடம்பரம். அது லயத்துக்கு ஓர் ஓட்டைத்தானும் மாற்றித் தராது.

நாம் வேண்டுவது வேறு. காணுதல் ஓர் உறவு; உறவுக்கு இரு பக்கங்கள் உண்டு. ஒருவரைக் காணச் செல்லும் என்னிடத்து, அவரும் ஒருநாள் என்னைக் காண வரக்கூடுமா? வந்தால் என் முற்றத்திலே விருந்தினராக அமர்வாரா? இவ்வினாவுக்கு ஆம் என்று விடைகூற முடியுமானால் அங்கே இருப்பது உறவு. முடியாதெனின், ஒருவர் பார்வையாளர், மற்றவர் காட்சிப் பொருள் என்ற நிலையே எஞ்சும். கொழுந்து பறிக்கும் பெண்ணை நாம் நாற்பது பேர் கண்டோம். அவரோ கடலைக் கண்டதில்லை. இத்தீவின் எந்தக் கரையும் அவர் நின்ற மலையிலிருந்து ஒரு பகற் பயணத்துக்கு மேற்பட்ட தூரத்திலே இல்லை. அவருக்கும் கடலுக்கும் இடையே நிற்பது மலையோ காடோ அன்று. ஒருநாட் கூலியும், பஸ் கட்டணமும், விடுப்பு எடுத்தால் அறுபடும் சம்பளமுமே. பார்ப்பதற்கான ஓய்வும் பொருளும் எவரிடம் உள்ளன, எவரிடம் இல்லை என்பது அழகியலுக்கு அப்பாற்பட்ட கேள்வியெனத் தோன்றலாம். என் எண்ணத்தில், அழகியலின் முதற் கேள்வியே அதுதான்.

இக்கேள்விக்கு வரலாற்றிலே விடையும் உண்டு. 1936 ஆம் ஆண்டு பிரான்சிலே மக்கள் முன்னணி அரசு பதவியேற்றதும், ஆலைகளில் எழுந்த பெரும் வேலைநிறுத்த அலையின் பயனாக, தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரு வார விடுமுறை சட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டுக் கோடையிலே ஆயிரமாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் துவிச்சக்கர வண்டியிலும் புகையிரதத்திலும் புறப்பட்டுச் சென்று வாழ்விலே முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதுவரை செல்வர் மட்டும் உலாவிய கரைகள் அவை. கடல் மாறவில்லை; அதனைக் காணும் உரிமை மாறியது. அவ்வுரிமையை எந்த ஓவியனும் கவிஞனும் வழங்கவில்லை. சங்கத்திலே ஒன்றுகூடிய உழைப்பாளர் அதனைப் பெற்றுக்கொண்டனர். சம்பளத்துக்கான போராட்டம் சோற்றுக்கான போராட்டம் மட்டுமன்று, கடலைக் காண்பதற்கான போராட்டமுமாகும் என்பதை நாம் இதிலிருந்து கற்கலாம்.

ஆசிரியராகிய எமக்கு இதிலே சிறியதொரு பணி உண்டு. சுற்றுலா புறப்படுமுன் ஒவ்வோர் இடத்துக்கும் முதற்பொருளுடன் கருப்பொருளையும் மாணவர் எழுதி வரவேண்டும் என்று நாம் விதிக்கலாம்: அங்கே எவர் உழைக்கிறார், என்ன உண்கிறார், நிலம் எவருக்குச் சொந்தம், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? இதற்குப் பணம் வேண்டியதில்லை. மனிதரைப் படமெடுக்குமுன் பெயரையேனும் கேட்கவேண்டும் என்பதற்கும் பணம் வேண்டியதில்லை. நான் அன்று அப்பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. இக்கட்டுரையில் அவருக்குப் பெயரில்லாதிருப்பது என் தவறேயாகும்.

திரும்பி வந்த பின், இறங்க மறுத்த மாணவனை அழைத்து, அவ்வட்டாரத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கடிதம் எழுதும்படி கேட்டேன். அவர்கள் எம்மிடம் வரட்டும், நாம் கடலைக் காட்டுவோம் என்பது என் எண்ணம். அவன் சற்றுத் தயங்கி, “வந்தால் எங்கட வீட்டையும் காட்டலாமா சேர்? அம்மாயி இருக்கிறா” என்றான். கடிதம் சென்றது. வர விரும்புகிறோம் என்று மறுமொழி வந்தது. வண்டிச் செலவே தடை என்றும் எழுதியிருந்தனர். எமது மாணவர் இப்போது ஆண்டுதோறும் உண்டியல் குலுக்கி அதற்கெனப் பணஞ் சேர்க்கின்றனர். இன்னும் போதவில்லை. உண்டியலால் உரிமை வந்துவிடாது என்பதையும் அவர்கள் அறிவர்.

வருவோருக்கு எவற்றைக் காட்டுவது என்று மாணவர் பட்டியல் ஒன்று தயாரித்துள்ளனர். கடலும் நூலகமும் முதலில் இடம்பெற்றன. அடுத்து, மாணவி ஒருத்தி கேட்டாள்: “கோவிலைக் காட்டும்போது அந்த வாசல் கதையையும் சொல்லுறதோ?” வகுப்பு நெடுநேரம் விவாதித்தது. சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. நல்ல விருந்தோம்பல் தன் வீட்டின் குறையையும் மறைக்காது. காண வருவோருக்கு முழு உண்மையையும் காட்டத் துணிந்தவர்களே, பிறருடைய ஊரிலும் முழு உண்மையைக் காணத் தகுதியுடையவராவர்.